ஆறு மணி ஓட்டைகள்

“அண்ணி, இந்தத் துப்பாக்கிக்கும் எனக்கும் ஒரே வியாதி. நல்லாப் பேசிக்கிட்டே இருக்கும், திடீர்னு ஒரு வார்த்தையைக் கீழ விட்டுடும்” என்றாள் என் நாத்தனார், குண்டு துளைத்த அட்டையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி.

அட்டையின் கறுப்பு வட்டத்துக்கு நடுவில் எட்டுக் குண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே ஓட்டை போலத் துளைத்திருந்தன. மீதி இரண்டும் நேர் கீழே தனியாகக் கிடந்தன. இடமும் இல்லை, வலமும் இல்லை. துப்பாக்கி சுடுகிறவர்கள் அட்டையைக் கடிகாரம் போலப் பார்ப்பார்களாம். நேர் கீழே விழுந்தால் அது ஆறு மணி.

இந்த முறை துப்பாக்கியைப் பிடித்திருந்தது மனிதக் கை அல்ல. நான் கேட்டுக்கொண்டதால் அதைப் பெஞ்சின் இரும்புப் பிடியில் வைத்து இறுக்கியிருந்தார்கள். எங்களைக் கூப்பிட்டிருந்த சின்னவள் விசையை மட்டும்தான் தொட்டாள்.

“பாத்தீங்களா மேடம்?” என்றாள்.  “மூச்சு சரியில்ல, தோள் சரியில்ல, மனசு சரியில்லன்னு இத்தனை நாளா என்னையே குத்தம் சொன்னாங்க. தோட்டா கம்பெனியைக்கூட மாத்திப் பாத்தேன். இப்ப இந்த இரும்புக்கு என்ன மூச்சு, என்ன மனசு? துப்பாக்கியத்தான் யாரோ கெடுத்திருக்காங்க. யாருன்னு நான் முதல் நாளே சொல்லிட்டேன்.”

வீட்டின் இளைய பிள்ளை என்பதால் அவள் துப்பாக்கி கிளப்பிலும் சின்னவள்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. துப்பாக்கி அவளுடைய அண்ணனுடையது. போன வருடம் காய்ச்சல் என்று படுத்தவன் அந்த வாரமே போய்விட்டான். அவன் படுத்துச் சுட்ட விரிப்பில், அவன் துப்பாக்கியோடு, இப்போது இவள் படுக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை அணித் தேர்வு.

அவள் சந்தேகப்பட்டது கிளப்பின் துப்பாக்கி மெக்கானிக்கை. எல்லோரும் அவனைத் ‘திருகாணி’ என்றுதான் கூப்பிட்டார்கள். அண்ணனின் நெருங்கிய சிநேகிதன். வாரத்துக்கு ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, குழலைத் துடைத்துக் கொடுப்பது அவன் வேலை. ஆனால் தான் கேட்காமலே அவன் போல்ட்டை, தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் பாகத்தை, பிரித்து வைத்திருந்ததை இவள் இரண்டு முறை பார்த்துவிட்டாள். புகார் கொடுத்தாள். நாளை மாலை கமிட்டி கூடுகிறது. புகார் உண்மையென்றால் அவன் வேலை போகும், கூடவே லைசென்ஸும் போகும். லைசென்ஸ் இல்லாத மெக்கானிக்கின் கையில் யாரும் ஒரு திருகைக்கூடக் கொடுக்க மாட்டார்கள். ஆதாரம் கொண்டு வா என்று செயலாளர் சொல்ல, அவள் எங்கள் துப்பறியும் அலுவலகத்துக்கு வந்திருந்தாள்.

நான் முழங்காலிட்டுத் தரையில் சிதறிக் கிடந்த காலித் தோட்டாக்களைப் பொறுக்கினேன்.

“அண்ணி குப்பை பொறுக்க ஆரம்பிச்சாச்சு” என்றாள் நாத்தனார். “கேஸ் பாதி முடிஞ்ச மாதிரி.”

“பக்கத்து வரிசையில சுடறாரே, அவரோட காலித் தோட்டாவும் ரெண்டு வாங்கிட்டு வா.”

“என்னன்னு கேக்கறது? எச்சில் தோட்டா இருந்தா போடுங்க சாமின்னா?”

கேட்டு வாங்கியும் வந்தாள். அவள் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. சின்னவள் தன் கைப்பையிலிருந்து கடையில் பயன்படுத்தும் லென்ஸை எடுத்துக் கொடுத்தாள்.

இந்தச் சின்னத் தோட்டாவுக்கு மருந்து அடியில் நடுவில் இல்லை, சுற்று விளிம்பின் மடிப்புக்குள் இருக்கிறது. போல்ட்டுக்குள் இருக்கும் ‘பின்’, ஒரு சின்ன இரும்பு ஊசி, பாய்ந்து வந்து அந்த விளிம்பை நசுக்கினால்தான் பற்றிக்கொள்ளும். பக்கத்து வரிசைக்காரரின் தோட்டா விளிம்பில் அந்தத் தழும்பு ஆழமாக, நகத்தால் அழுத்தினாற்போலத் தெளிவாக இருந்தது. சின்னவளின் தோட்டாக்களில் அது அகன்று, மேலோட்டமாக, தயங்கித் தொட்டதுபோல் இருந்தது.

“அரைகுறையா நசுக்கினா மருந்து அரைகுறையாத்தான் பத்தும்” என்றேன். “குண்டு மெதுவாப் போகும். மெதுவாப் போறது வழியிலயே கொஞ்சம் இறங்கிடும். விளிம்பு நல்லா அமைஞ்ச தோட்டா தப்பிச்சுக்குது. அமையாதது ஆறு மணிக்குப் போயிடுது.”

“அப்ப பின்னைத்தான் கெடுத்திருக்கான்” என்றாள் சின்னவள். அதைச் சொன்னபோது அவள் முகத்தில் வெற்றி இல்லை. அண்ணனின் சிநேகிதர்களில் மிச்சம் இருந்தவனும் கையை விட்டுப் போகிறான் என்கிற முகம்தான் இருந்தது.

*

பட்டறை, கிளப்பின் பின்புறம் இருந்த நீள அறை. எண்ணெய் வாசனை. சுவரெங்கும் சின்னச் சின்ன இழுப்பறைகள். திருகாணிக்கு முப்பது வயது இருக்கும். நாங்கள் உள்ளே வந்ததும் தலை நிமிராமலே பேசினான்.

“நாளைக்குத்தானே என்னைத் தூக்கறதா இருந்துச்சு. இன்னிக்கே வந்துட்டீங்களா?”

“நாங்க தூக்கற ஆளுங்க இல்லப்பா. எனக்கு இடுப்பு வலி” என்றாள் நாத்தனார்.

அவன் சிரிக்கவில்லை. நான் சின்னவளின் துப்பாக்கி போல்ட்டை அவன் மேசையில் வைத்தேன்.

“பின் முனை போயிருக்கும்” என்றான்.

“இன்னும் பிரிக்கவே இல்லையே.”

அவன் கை நின்றது. பிறகு பிரித்தான். விளக்கின் கீழே அந்தப் பின் முனை, யாரோ கடித்துக் கடித்து நைத்த பென்சில் முனைபோல விரிந்திருந்தது.

“இது எப்ப போட்ட பின்?”

“போன மாசம்.”

“அதுக்கு முன்னாடி?”

“அதுக்கு முந்தின மாசம்.” சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டான். “இதுதான் கடைசி. இந்த மாடல் பழசு. கம்பெனியில பின் செய்யறத நிறுத்திட்டான்.”

“அவ கேக்காமலே மாத்தியிருக்கீங்க.”

“ஆமா.”

“மாசம் ஒரு பின் இப்படி நையணும்னா என்ன செய்யணும்?”

“உள்ள தோட்டா வைக்காம விசைய அழுத்தணும். பின்னுக்கு நசுக்க விளிம்பு இருக்காது. நேரா இரும்புல போய் மோதும். ஒரு தடவை, ரெண்டு தடவைன்னா ஒண்ணும் ஆகாது. தினம் தினம் தட்டினாத்தான்…”

“தினம் தினம் யார் தட்டறது?”

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். கை சுத்தமாகத்தான் இருந்தது. நெடுநேரம் துடைத்தான்.

“நான்தான்னு எழுதிக்குங்க.”

“எதுக்காக?”

“பொறாமை. அவங்க அண்ணன் மேல. செத்தும் கிளப்புல அவன் பேருதான் மேல இருக்கேன்னு. போதுமா?” துணியை மேசையில் எறிந்தான். “போங்க மேடம். ஆதாரம் கிடைச்சிடுச்சில்ல?”

வெளியே வந்ததும் நாத்தனார் பெருமூச்சு விட்டாள். “நம்ம தொழில்ல இவ்வளவு மரியாதையா ஒத்துக்கிட்ட குற்றவாளிய நான் பாத்ததே இல்ல. மாலை போட்டு அனுப்பலாம்.”

“அவன் கைக்கு அந்தத் துப்பாக்கி வாரத்துல ஒரு நாள்தான் போகுது. அதுவும் இவ ஒரு டீ குடிச்சிட்டு வர்ற நேரம். தினம் எப்படித் தட்டுவான்?”

“கனவுல தட்டுவானோ?”

“அதோட, பின்னைக் கெடுக்கறவன் எதுக்குப் புதுப் பின்னா மாத்திக்கிட்டே இருக்கணும்?”

நாத்தனார் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். அது அபூர்வம்.

சின்னவள் போல்ட்டைத் திரும்ப மாட்டி, துப்பாக்கியைப் பெட்டிக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தாள். வழியில் வீட்டில் வைத்துவிட்டுக் கடைக்குப் போகவேண்டும். நான் ஒரே ஒரு விஷயம் கேட்டேன். வீட்டில் தோட்டா இல்லாமல் பயிற்சி செய்வாளா?

“வீட்டுல தொடறதே இல்ல மேடம். அண்ணன் பண்ணுவான். தினம் சாயங்காலம், காலித் தோட்டா ஒண்ண உள்ள வெச்சுக்கிட்டு டிக், டிக்னு தட்டிக்கிட்டே இருப்பான். இப்ப அந்தச் சத்தம் கேட்டா அம்மா தாங்க மாட்டாங்க. அதனால நான் பண்றதெல்லாம் இங்கதான்.”

“வீட்டுல துப்பாக்கி வைக்கற அலமாரிக்குச் சாவி?”

“ஒண்ணு என்கிட்ட இருக்கு. இன்னொண்ணு அண்ணனோடது. ஆஸ்பத்திரியில அவன் சாமானெல்லாம் ஒரு பையில போட்டு அம்மா கையில…” அவள் நிறுத்தினாள். உடனே தலையை ஆட்டினாள். “அம்மா அண்ணன் ரூமுக்குள்ளயே போக மாட்டாங்க மேடம்.”

*

சின்னவளின் வீட்டுக்கு வண்டியை நாத்தனார் ஓட்டினாள். மதியம் கழிந்து வெயில் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. கொஞ்ச தூரம் போனதும் அவள் தன் கண்டுபிடிப்பைச் சொன்னாள்.

“அம்மாதான். பொண்ணு இந்த விளையாட்டையே விட்டுடணும்னு பண்றாங்க. புள்ளையக் கொண்டுபோன சனியன் இதுதான்னு தோணியிருக்கும்.”

“காய்ச்சல்தான் கொண்டுபோச்சு.”

“மனசு அதையெல்லாம் கேக்குமா அண்ணி? யாரையாவது போட்டு அடிக்கணும்ல. காய்ச்சலை எங்க தேடிப் பிடிச்சு அடிக்கறது?”

சொல்லிவிட்டு அவள் சாலையை மட்டும் பார்த்தாள். எங்கள் வீட்டிலும் ஒருவர் இல்லை. அவளுக்கு அண்ணன், எனக்குக் கணவர். நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே தொழில் செய்கிறோம், எல்லாவற்றையும் பற்றிப் பேசுகிறோம், அவரைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அந்த ஒன்றைப் பேசாமல் இருக்கத்தான் இவள் இவ்வளவு பேசுகிறாளோ என்று எனக்குச் சில நாள் தோன்றும்.

அவள் சொன்னதை நானும் நம்பினேன். இரும்பின்மேல் தினமும் விழுகிற அடி என்றால் கோபத்தைத் தவிர வேறென்ன? அந்தத் தாயை எப்படி ஒத்துக்கொள்ள வைப்பது என்று மனதுக்குள் கேள்விகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

வீடு மாடியில். ஒடுக்கமான நடை, கடைசிக் கதவு. வாசலில் இரண்டு ஜோடிச் செருப்புகளும், தூசி படிந்த ஒரு ஜோடி ஆண்பிள்ளை ஷூவும் இருந்தன. நாத்தனாரின் விரல் அழைப்பு மணியை நோக்கிப் போனது. நான் அவள் கையைப் பிடித்தேன்.

உள்ளே இருந்து கேட்டது.

டிக்.

பிறகு ஒன்றுமில்லை. ஒரு ஆள் மூச்சை இழுத்து, பாதியை விட்டு, மீதியைப் பிடித்துக்கொள்ளும் நேரம் போனது. உலோகம் உலோகத்தின்மேல் நகரும் ஓசை. மறுபடியும் அதே காத்திருப்பு.

டிக்.

கோபத்தில் அடிக்கிறவர்கள் ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் இவ்வளவு நேரம் விடமாட்டார்கள். நான் அடுக்கி வைத்திருந்த கேள்விகள் அந்த இடைவெளியிலேயே கலைந்துபோயின. நாத்தனார் என்னைப் பார்த்தாள். கண்ணில் கேலி இல்லை. நாங்கள் அப்படியே நின்றோம். பிறகு அவள்தான், மிக மெதுவாக, மணியை அழுத்தினாள்.

கதவு திறக்க நேரமானது. அறுபது தாண்டிய பெண்மணி. முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றார். கையில் எண்ணெய் வாசனை, ஆனால் அடுப்படி எண்ணெய் இல்லை.

“சின்னவ வேலைக்குப் போயிருக்கா.”

“உங்களத்தான் பாக்க வந்தோம்மா. கிளப் விஷயமா” என்றேன். “வாசல்ல கொஞ்ச நேரமா நின்னுட்டிருந்தோம்.”

அவர் புரிந்துகொண்டார். மறுக்கவில்லை. “கேட்டுச்சா?” என்றார். அதில் பயத்தைவிட வேறு ஏதோ இருந்தது. இன்னொருவருக்கும் அது கேட்டிருக்கிறது என்கிற ஆறுதல் போல.

*

மகனின் அறையில் கட்டில் விரித்து மடிப்புக் கலையாமல் இருந்தது. தரையில் ஒரு போர்வை, அதன்மேல் துப்பாக்கி. ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. அதில் பாதிக்குமேல் காலித் தோட்டாக்கள்.

“என்னம்மா, உண்டியலா?” என்று கேட்டுவிட்டு நாத்தனார் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

அந்த அம்மாள் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். “நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்தவ. ரிட்டயர் ஆகற வரைக்கும் காதாலதான் சம்பாதிச்சேன். இந்தப் பையன் ஸ்கூல் படிக்கும்போதே துப்பாக்கி புடிச்சான். தினம் சாயங்காலம் நான் அடுப்படியில நிப்பேன். இந்த ரூம்லேருந்து டிக். கொஞ்ச நேரம் ஒண்ணும் இருக்காது. மறுபடி டிக். நான் எட்டிக்கூடப் பாக்கமாட்டேன். எதுக்குப் பாக்கணும்? வீட்டுல இருக்கான்னு அர்த்தம்.”

முந்தானையை மடியில் மடித்து வைத்துக்கொண்டார்.

“அவன் போனதும் எத்தனையோ பேர் வந்தாங்க. எல்லாரும் பேசினாங்க. பொண்ணு எனக்காக வீட்டுல ரேடியோகூட வைக்கறதில்ல, கதவை மெதுவாச் சாத்தறா, பாத்திரத்தைச் சத்தமில்லாம எடுக்கறா. பாவம், என்னைப் பாத்துக்கறாளாம். வீடு அப்படியே செத்துப்போச்சு மேடம். ஒரு நாள் அவன் சாவிய எடுத்துத் திறந்தேன். இதை இழுத்தா, இதை அழுத்தினா அந்தச் சத்தம் வரும்னு எனக்குத் தெரியும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.”

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முதுகு மட்டும் தெரிந்தது.

“இந்தக் காலித் தோட்டாவெல்லாம்?” என்று கேட்டேன்.

“கைப்பிடிய இழுத்தா உள்ளேருந்து ஒண்ணு விழும். தினம் இல்ல. வாரத்துக்கு ஒண்ணு.” அவர் டம்ளரைப் பார்த்தார். “மொதல்ல விழுந்தப்ப அவன் விட்டுட்டுப் போனதுன்னு நெனச்சேன். அடுத்த வாரமும் விழுந்துச்சு. நான் ஒண்ணும் பைத்தியம் இல்ல மேடம். யாரோ வைக்கறாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. யாருன்னு கேட்டா நின்னுடும். அதனால கேக்கல.”

“எந்தக் கிழமை விழும்?”

“புதன்கிழமை.”

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், இவர் மகள் டீ குடித்துவிட்டு வருகிற நேரத்தில் ஒருவன் அந்தத் துப்பாக்கிக்குள் ஒரு காலித் தோட்டாவை வைத்து மூடியிருக்கிறான். பின்னுக்கு நசுக்க ஒரு விளிம்பு இருக்கட்டும் என்று. இந்த அம்மாள் கைப்பிடியை முழுதாக இழுப்பார், அது வெளியே விழுந்துவிடும், பிறகு வாரம் முழுவதும் இரும்பின்மேல்தான் அடி விழும் என்று அவன் யோசிக்கவில்லை. அல்லது யோசித்தும், வேறு வழி தெரியாமல், வாராவாரம் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறான். பின் நைந்தால் மாற்றியிருக்கிறான். பிடிபட்டதும் பொறாமை என்று சொல்லியிருக்கிறான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். மெல்லச் சொல்ல வழி தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. பின், விளிம்பு, மெதுவாகப் போகும் குண்டு, அட்டையில் ஆறு மணி, நாளை கமிட்டி. அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்துக் கேட்டார், எண்ணைக் குறித்துக்கொள்கிறவர்போல.

“அப்ப எம்புள்ள துப்பாக்கியக் கெடுத்தது நான்தான்” என்றார்.

“தெரியாமதானேம்மா.”

“தெரிஞ்சிருந்தா தட்டாம இருந்திருப்பேனான்னு எனக்குத் தெரியல மேடம்.” எழுந்தார். “அந்தப் பையனுக்கு வேலை போயிடுமா?”

“நீங்க சொன்னா போகாது. சொல்லலேன்னா போயிடும். அவன் வாயத் திறக்கமாட்டான்.”

“அவளுக்குத் தெரியணும், இல்ல?”

 அவர் கூடத்துக்குப் போய்த் தொலைபேசியை எடுத்தார். முதலில் மகளின் கடை, பிறகு கிளப். இரண்டு முறையும் ஒரே வாக்கியம்: “வீட்டுக்கு வரணும், இப்பவே.” ஒரு வாழ்நாள் முழுவதும் யார் யாரையோ இணைத்துவிட்ட குரல் அது. துளிகூட நடுங்கவில்லை. 

*

திருகாணி முதலில் வந்தான். வாசலிலேயே நின்றான். எங்களைப் பார்த்ததும் முகம் கறுத்தது.

“சொல்லிட்டீங்களா?” என்றான் என்னிடம்.

“உள்ள வாப்பா” என்றார் அந்த அம்மாள். “உனக்கு எப்படித் தெரியும்?”

அவன் தரையைப் பார்த்துச் சொன்னான். “அவனோட கோட்டு கிளப்புல கெடந்துச்சும்மா. குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன். உள்ள சத்தம் கேட்டுச்சு. சின்னவ அப்ப கடையில இருந்தா. மணி அடிக்க மனசு வரல. கோட்டைக் கதவுல மாட்டிட்டுப் போயிட்டேன்.”

சின்னவள் படியேறி ஓடி வந்தாள், அம்மாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்ற பதற்றத்தோடு. அறைக்குள் அவனைக் கண்டதும் பதற்றம் கோபமானது. “இவரு இங்க என்ன பண்றாரு?”

“அவனை விடு. உன் குண்டைக் கீழ தள்ளினது நான்தான்” என்றார் அம்மா.

அவள் போர்வையைப் பார்த்தாள், அதன்மேல் இருந்த துப்பாக்கியைப் பார்த்தாள், டம்ளரைப் பார்த்தாள். நான் விளக்கவேண்டியதே இருக்கவில்லை. கண்ணாடி தேய்க்கிறவள், சின்னத் தழும்புகளைப் படிக்கத் தெரிந்தவள். சுவரில் சாய்ந்து அப்படியே கீழே சரிந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து அவனிடம் கேட்டாள். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா நீ சாவிய வாங்கி வெச்சிருப்ப.”

 வாங்கித்தான் வைத்திருப்பாள். அம்மாவின் நல்லதுக்காக என்று சொல்லி வாங்கியிருப்பாள். அது அவளுக்கும் தெரிந்தது, அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே செயலாளருக்குப் போன் செய்தாள். “புகாரை வாபஸ் வாங்கறேன் சார்… இல்ல சார், யாரும் மிரட்டல… தப்பு எங்க வீட்டுல சார். எங்க வீட்டுல.” மன்னிப்பு என்ற சொல்லை அவனிடம் அவளால் சொல்ல முடியவில்லை. எழுந்து போய்க் கூடத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து அவன் பக்கத்தில் போட்டாள். அவனும் உட்கார்ந்தான்.

“ஞாயித்துக்கிழமைக்கு என்ன பண்றது?” என்று நாத்தனார்தான் கேட்டாள். “பின் கிடையாதுன்னீங்களே.”

“கிளப் துப்பாக்கி ஒண்ணு தர்றேன். பழகாத துப்பாக்கி. தேறறது கஷ்டம்” என்றான் அவன் ஒளிக்காமல்.

சின்னவள் தலையை மட்டும் அசைத்தாள். அம்மா அதைப் பார்த்தார், பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வருட உழைப்பு அந்தத் தலையசைப்பில் போனது. 

திருகாணி குனிந்து துப்பாக்கியை எடுத்தான். சட்டைப் பையிலிருந்து ஒரு காலித் தோட்டாவை எடுத்து உள்ளே வைத்து மூடினான். “முழுசா இழுக்காதீங்கம்மா. கைப்பிடிய மட்டும் இப்படித் தூக்குங்க, இறக்குங்க. அதுபோதும், விசை ஏறிடும். காலித் தோட்டா உள்ளயே நிக்கும். எத்தனை தடவை வேணும்னாலும் தட்டலாம்.”

அவர் கவனமாகப் பார்த்தார். “அப்ப இனிமே எதுவும் வெளிய விழாதா?”

“விழாதும்மா.”

“ஓ” என்றார்.

அந்த ‘ஓ’வை நான் இன்னும் மறக்கவில்லை. நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் கிளம்பும் நேரம்தான், ஆனால் இருவருக்கும் கால் நகரவில்லை.

“நீ எதுக்கும்மா இத்தனை நாள்…” என்று தொடங்கிய சின்னவள் பாதியில் அழுதாள். “நான் உனக்காகத்தானே வீட்டுல தொடாமலே இருந்தேன். சத்தம் கேட்டா நீ தாங்கமாட்டேன்னு நெனச்சேன்.”

“நானும் உனக்குத் தெரியக்கூடாதுன்னுதான் ஒளிச்சேன். தெரிஞ்சா நீ தாங்கமாட்டேன்னு.”

 சின்னவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். போர்வையில் குப்புறப் படுத்தாள். துப்பாக்கியைத் தோளில் பொருத்தி, எதிர்ச்சுவரில் அண்ணன் எப்போதோ ஒட்டி வைத்திருந்த ஒரு சின்னக் கறுப்புப் புள்ளியைக் குறிபார்த்தாள். அம்மா அதைப் பார்க்க நிற்கவில்லை. கூடத்தைத் தாண்டி அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கே விளக்குப் போடும் ஓசை கேட்டது.

டிக்.

கைப்பிடி தூக்கி இறங்கியது.

டிக்.

“சீக்கிரம் தட்டற” என்றது அடுப்படியிலிருந்து வந்த குரல். “அவன் இன்னும் கொஞ்சம் நிறுத்துவான்.”

“நான் அவன் இல்லம்மா.”

டிக் சத்தம் நின்றுபோனது. தண்ணீர்க் குழாய் திறந்து மூடியது.

“தெரியும்டி” என்றார் அம்மா. “நிறுத்தாத. தட்டு.”